உங்கள் தெருவின் குப்பையைப் பாதியாகக் குறைப்பது எப்படி: தன்னார்வலர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பெரம்பூரில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில், கொடுங்கையூர்ப் பக்கமிருந்து காற்று அடிக்கிற நாளில் துணி காயப்போட மனசு வராது. வடசென்னையின் குப்பை பல பத்தாண்டுகளாக அங்கேதான் போகிறது, தென்சென்னையின் குப்பை பெருங்குடிக்கு. சென்னையில் ஒரு நாளைக்குச் சேருகிற குப்பை 5,000 டன்னுக்கு மேல். பெருங்குடிக் கிடங்கு இருப்பது பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில், 2022 ஏப்ரலில் அங்கே பிடித்த தீயை அணைக்கச் சில நாட்கள் ஆயின. இரண்டு இடத்திலும் இப்போது பயோமைனிங் என்று பழைய மலையைத் தோண்டிச் சலித்துப் பிரிக்கும் வேலையை மாநகராட்சி எடுத்திருக்கிறது. நல்ல விஷயம்தான், ஆனால் நாம் இன்று காலை கொடுத்த கலப்புக் குப்பை நாளைக்கு இன்னொரு மலையாகும்.

"நம்ம தெருவுல ஏதாவது பண்ணலாம்" என்று நினைக்கிற நாலைந்து பேருக்காக இதை எழுதுகிறேன். பெரிய அமைப்பு வேண்டாம், பதிவு எண் வேண்டாம், பணமும் அதிகம் வேண்டாம். கடற்கரையில் ஞாயிற்றுக்கிழமை குப்பை பொறுக்குவதற்கு நானும் போயிருக்கிறேன், அதில் மனசுக்கு ஒரு நிறைவு உண்டு, ஆனால் அடுத்த ஞாயிறு அதே இடத்தில் அதே அளவு கிடக்கும். குப்பை குறைய வேண்டும் என்றால் அது சமையலறையிலிருந்து வாசலுக்கு வரும் முன்பே வேலை நடக்க வேண்டும், அங்கே போய்ச் சொல்லக்கூடியவர் பக்கத்து வீட்டுக்காரர் மட்டும்தான்.

இது நம் ஊருக்குப் புதிதும் இல்லை. 1989-ல் எம்.பி. நிர்மல் சென்னையில் எக்ஸ்னோரா என்ற குடிமக்கள் அமைப்பைத் தொடங்கினார். தெருக்காரர்கள் மாதாமாதம் சின்னத் தொகை போட்டு, ஒரு மூன்று சக்கர வண்டி வாங்கி, ஒருவரை வேலைக்கு வைத்து வீடு வீடாகக் குப்பை வாங்கினார்கள். அன்றைக்கு எல்லாரும் தெருமுனைத் தொட்டியில்தான் கொட்டிக்கொண்டிருந்தோம். இன்று பேட்டரி வண்டி வாசலுக்கு வருகிறது என்றால் அந்தத் தெருக்களுக்கும் அதில் பங்கு உண்டு.

சரி, வேலைக்கு வருவோம்.

முதல் வேலை: வண்டி ஓட்டி வருகிற அக்காவிடம் பேசுங்கள்

கூட்டம் போடுவதற்கு முன், வாட்ஸ்அப் குழு தொடங்குவதற்கு முன், நோட்டீஸ் அடிப்பதற்கு முன் உங்கள் தெருவுக்கு வரும் தூய்மைப் பணியாளரிடம் பத்து நிமிடம் பேசுங்கள். எந்த வீடு எப்படிக் கொடுக்கிறது என்று அவருக்குத்தான் தெரியும். நான் போய்க் கேட்டபோது எங்கள் தெரு அக்கா ஒரு வாளியைத் திறந்து காட்டினார். மேலே வாழைப்பழத் தோல், அதற்குக் கீழே நேற்றைய சாம்பார், சாம்பாருக்குள் ஊறிப்போன ஒரு டயப்பர், அதில் ஒட்டிக்கொண்டு உடைந்த கண்ணாடி வளையல் துண்டு. "கையுறை போட்டாலும் இது குத்திடும்மா. இதைப் பிரிக்கணும்னா நான் கையைத்தான் விடணும்" என்றார். அதற்கப்புறம் என் வீட்டில் எதையும் கலந்து போட எனக்குக் கை வரவில்லை.

அவரிடம் கேட்க வேண்டியவை: எத்தனை மணிக்கு வருகிறார், தெருவில் எத்தனை வீடு தாண்டியதும் வண்டி நிறைகிறது, பிரித்துக் கொடுத்தால் வண்டியில் தனித்தனியாக வைக்க இடம் இருக்கிறதா, எங்கே கொண்டுபோய் இறக்குகிறார். கடைசிக் கேள்வி முக்கியம். "நாங்க பிரிச்சுக் குடுத்தாலும் எல்லாத்தையும் ஒண்ணாதானே கொட்டுறாங்க" என்று பத்து வீட்டில் எட்டு வீடு உங்களிடம் சொல்லும். அதற்குப் பதில் சொல்ல, குப்பை போகிற இடத்தை நீங்கள் ஒருமுறை நேரில் பார்த்திருக்க வேண்டும். உங்கள் வார்டுக்கு அருகில் ஈரக் குப்பையை உரமாக்கும் மாநகராட்சியின் நுண் உரக்கிடங்கோ, உலர் குப்பையைப் பிரிக்கும் மையமோ இருந்தால் ஒரு காலை போய் வாருங்கள். வழியில் எங்காவது உண்மையிலேயே கலக்கிறது என்றால் வார்டு துப்புரவு ஆய்வாளரிடம் முதலில் அதைப் பேசித் தீர்த்துவிட்டுத்தான் வீடுகளுக்குப் போக வேண்டும். இல்லையென்றால் உங்கள் பேச்சு முதல் வாரமே பொய்யாகிவிடும்.

ஒரு வாரம் எண்ணுங்கள்

ஒரு குறிப்பேடு, கொக்கி மாட்டும் ஒரு கைத்தராசு. ஏழு நாள் காலையில் வண்டியோடு நடந்து, எத்தனை வீடு கொடுத்தது, எத்தனை வீடு பிரித்துக் கொடுத்தது, யார் கொடுக்கவே இல்லை என்று குறியுங்கள். முடிந்தால் தெருவின் மொத்த எடையையும் எழுதுங்கள். வீட்டுக் குப்பையில் பாதிக்கு மேல் ஈரக் குப்பைதான் என்று படித்திருப்பீர்கள், உங்கள் தெருவில் உங்கள் கண்ணால் பார்க்கும்போது அது வேறு மாதிரி புரியும். மூன்று மாதம் கழித்து ஏதாவது மாறியிருக்கிறதா என்று சொல்ல உங்களிடம் இருக்கப்போகும் ஒரே சான்றும் இந்த நோட்டுதான்.

ஐந்து பேர், ஆளுக்குப் பத்து வீடு

ஐம்பது வீட்டுக்கு ஐந்து பேர் போதும். ஆளுக்குப் பத்து வீடு என்று பிரித்துக்கொள்ளுங்கள், அந்தப் பத்து வீட்டுக்கு நீங்கள்தான் பொறுப்பு. "எல்லாரும் சேர்ந்து எல்லா வீட்டுக்கும்" என்றால் மூன்றாவது வாரம் ஒருவரும் வரமாட்டார்கள். ஐந்து பேரில் ஒருவராவது வாடகைக்குக் குடியிருப்பவராக இருக்கட்டும், வீட்டுச் சொந்தக்காரர்கள் மட்டுமே பேசும் தெருவில் குடித்தனக்காரர்கள் காது கொடுப்பதில்லை. வேலைக்குப் போகாத ஒரு தாத்தாவோ பாட்டியோ குழுவில் இருந்தால் அதைவிடப் பலம் வேறில்லை, காலை ஒன்பது மணிக்கு வாசலில் இருப்பவர்கள் அவர்கள்தான்.

கதவைத் தட்டும்போது

2016-ல் வந்த திடக்கழிவு மேலாண்மை விதிகள் வீட்டிலேயே ஈரம், உலர், அபாயகரமானவை என்று மூன்றாகப் பிரித்துக் கொடுக்கச் சொன்னது. அதைச் சொல்லலாம், ஆனால் சட்டத்தில் தொடங்காதீர்கள். கையில் எதையாவது எடுத்துப்போங்கள். நாங்கள் எடுத்துப்போனது ஒரு செய்தித்தாளும் சிவப்புப் பேனாவும்தான். நாப்கின், டயப்பரைப் பேப்பரில் சுற்றிச் சிவப்புப் பேனாவால் ஒரு பெருக்கல் குறி போட்டுக் காட்டினோம். "இப்படிக் குடுத்தா அக்கா பிரிச்சுப் பார்க்க வேண்டியதில்லைங்க" என்றதும் எந்த வீட்டிலும் மறுத்துப் பேசவில்லை. உடைந்த கண்ணாடி, பிளேடு, ஊசிக்கும் இதே வழிதான், அட்டையில் சுற்றித் தனியாகக் கொடுக்க வேண்டும்.

அப்புறம் இரண்டு தொட்டி. புதிதாக வாங்கச் சொல்லாதீர்கள், பழைய பெயிண்ட் வாளி ஒன்று, பழைய அரிசிச் சாக்கு ஒன்று போதும். வாளியில் சமையலறைக் குப்பை, பிளாஸ்டிக் கவர் உள்ளே போடாமல். சாக்கில் காகிதம், அட்டை, பிளாஸ்டிக், தகரம். பேட்டரி, டியூப் லைட், காலாவதியான மாத்திரை, பூச்சி மருந்து டப்பா இவற்றை ஒரு பழைய டப்பாவில் போட்டு வைத்து மாதம் ஒருமுறை கொடுத்தால் போதும்.

கெஞ்ச வேண்டாம், மிரட்டவும் வேண்டாம். ஒரு வீட்டில் அதிகபட்சம் ஐந்து நிமிடம். யார் குப்பையைக் கொண்டுவந்து கொடுக்கிறாரோ அவரிடம் பேசுங்கள். பல வீடுகளில் அது வீட்டு வேலைக்கு வரும் அம்மா, அவரைக் கூப்பிட்டுச் சொல்லாமல் வீட்டுக்காரரிடம் மட்டும் சொன்னால் ஒன்றும் நடக்காது.

இருபத்தொரு காலை

வழிகாட்டியில் கடினமான பகுதி இதுதான், பெரும்பாலான தெருக்கள் விட்டுவிடுவதும் இங்கேதான். கதவைத் தட்டிச் சொல்லிவிட்டு வந்தால் நாலு நாள் செய்வார்கள். அதனால் மூன்று வாரம், ஒரு நாள் விடாமல், ஐந்து பேரில் யாராவது ஒருவர் வண்டியோடு நடக்க வேண்டும், முக்கால் மணி நேர வேலை. பிரித்துக் கொடுத்த வீட்டில் "நல்லா இருக்குக்கா" என்று ஒரு வார்த்தை, கலந்து கொடுத்த வீட்டில் திட்டாமல் "இதை மட்டும் சாக்குல போட்டுடுங்க" என்று அவர்கள் கையாலேயே மாற்ற வைப்பது. நீங்கள் மாற்றிவிடாதீர்கள். ஒருமுறை நீங்கள் பிரித்துக் கொடுத்தால் அது உங்கள் வேலையாகிவிடும்.

காலை ஏழரைக்கே வேலைக்குக் கிளம்பிவிடுகிறவர்கள் எல்லாத் தெருவிலும் உண்டு. வண்டி ஒன்பதுக்கு வந்தால் அவர்கள் என்ன செய்வார்கள்? தங்கள் பைக்கின் ஹேண்டில்பாரில் கவரை மாட்டிக்கொண்டு போய் அடுத்த தெரு முனையில் எறிவார்கள். அவர்களைக் குறை சொல்வதற்கு முன் ஒரு வழி செய்யுங்கள்: கேட்டின் உள்பக்கம் ஒரு கொக்கி, அதில் மூடியுள்ள வாளி, பக்கத்து வீட்டில் யாராவது எடுத்துக் கொடுக்க ஒப்புக்கொள்வது. எங்கள் தெருவில் முனைக் குப்பை குறைந்ததற்கு இந்தக் கொக்கிதான் முதல் காரணம்.

ஈரக் குப்பையை வீட்டிலேயே முடிப்பது

எல்லா வீடும் உரம் போடாது, போட வேண்டும் என்று எதிர்பார்க்கவும் வேண்டாம். பத்தில் இரண்டு வீடு போட்டாலே வண்டியில் வித்தியாசம் தெரியும். ஆர்வமுள்ள வீட்டில் நீங்களே உட்கார்ந்து முதல் பானையைப் போட்டுக் கொடுங்கள்.

இரண்டு மண்பானை, பக்கவாட்டில் விரல் நுழையாத அளவு பத்துப் பன்னிரண்டு ஓட்டை, அடியில் ஒரு ஓட்டை. அடியில் மூன்று விரல் உயரம் காய்ந்த இலைச் சருகு அல்லது தேங்காய் நார்த்தூள். அன்றன்றைய காய்கறித் தோல், பழத்தோல், டீத்தூள், வாடிய பூ எல்லாவற்றையும் நீர் வடித்துப் போட வேண்டும், பெரிய துண்டாக இருந்தால் நறுக்கிப் போட வேண்டும். ஒவ்வொரு முறையும் அதே அளவு சருகோ நார்த்தூளோ மேலே. வாரத்துக்கு ஒருமுறை அரை டம்ளர் புளித்த மோர் தெளித்தால் சீக்கிரம் மக்கும். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை குச்சியால் கிளறிவிட்டு, வலை கட்டி மூடி வையுங்கள். முதல் பானை நிறைந்ததும் அதை ஒதுக்கி வைத்துவிட்டு இரண்டாவதில் போடத் தொடங்குங்கள். ஒன்றரை மாதத்தில் முதல் பானையைத் திறந்தால் கறுப்பாக, உதிரியாக, முதல் மழை விழுந்த மண்ணின் வாசனையோடு இருக்கும்.

நாறினால் ஈரம் அதிகம் என்று அர்த்தம், சருகு போட்டுக் கிளறுங்கள். மக்காமல் அப்படியே கிடந்தால் ஈரம் போதாது, தண்ணீர் தெளியுங்கள். புழு வந்தால் முதலில் எல்லாரும் பானையைத் தூக்கி எறியத்தான் பார்ப்பார்கள், அந்தப் புழுதான் குப்பையைத் தின்று தீர்க்கிறது, சருகால் மூடிவிட்டால் வெளியே வராது. மீன், கறிக் கழிவும் குழம்பு கலந்த சோறும் புதிதாகத் தொடங்குகிறவர்கள் போட வேண்டாம், அதை வண்டிக்கே கொடுத்துவிடலாம். தேங்காய் ஓடும் இளநீர் மட்டையும் பானைக்கு ஆகாது.

அடுக்ககமாக இருந்தால் வேறு கணக்கு. பெரிய அடுக்ககங்கள் ஈரக் குப்பையை வளாகத்துக்குள்ளேயே கையாள வேண்டும் என்பது விதி. அங்கே ஆளுக்கொரு பானை சரிவராது, பொதுத் தொட்டியும் அதைப் பார்த்துக்கொள்ளச் சம்பளத்துக்கு ஒரு ஆளும் வேண்டும். தன்னார்வலர்கள் கிளறிக்கொண்டே இருப்பார்கள் என்று நம்பித் தொடங்காதீர்கள்.

உலர் குப்பை: யாருடைய காசு?

கழுவி, காயவைத்து, மடித்து. இந்த மூன்றையும் செய்தால் சாக்கு வீட்டில் இரண்டு வாரம் இருந்தாலும் எறும்பு வராது. பால் கவரை வெட்டும்போது முனையைத் துண்டாக வெட்டி எறியாதீர்கள், கவரோடு ஒட்டிக்கொண்டிருக்கும்படி கொஞ்சம் விட்டு வெட்டுங்கள். அந்த விரல் நகம் அளவுத் துண்டை யாரும் பொறுக்கமாட்டார்கள், நேரே மழைநீர் வடிகாலுக்குப் போகும்.

பழைய பேப்பர் கடையும் காயலான் கடையும் இருப்பதால்தான் நம் ஊர் இந்த அளவுக்காவது மூச்சு விடுகிறது. பேப்பர், அட்டை, தண்ணீர் பாட்டில், பால் கவர், இரும்பு, அலுமினியம் எல்லாம் அங்கே போகும். சிப்ஸ் பாக்கெட், ஷாம்பு சாஷே, தெர்மாகோல் போன்றவற்றைப் பெரும்பாலும் வாங்கமாட்டார்கள், அவற்றுக்கு ஒரே வழி வாங்குவதைக் குறைப்பது.

இதில் எனக்கு அழுத்தமான கருத்து ஒன்று உண்டு. சில தெருக்களில் தன்னார்வலர்கள் உலர் குப்பையைச் சேர்த்து விற்று, சங்கத்துக்குப் பணம் சேர்க்கிறார்கள். நல்ல எண்ணம்தான், ஆனால் வண்டியில் வரும் தூய்மைப் பணியாளர்கள் பலர் பாட்டிலும் அட்டையும் விற்று வரும் காசில்தான் டீச்செலவு, பஸ் செலவைச் சமாளிக்கிறார்கள். அந்தப் பணத்தில் நாம் கை வைக்கக்கூடாது. பிரித்துக் கொடுப்பதால் அவருக்கு வருமானம் கூட வேண்டும், குறையக் கூடாது.

திரும்பப் பயன்படுத்துவது

பிரிப்பது ஒரு பங்கு வேலை என்றால் இது இரண்டு பங்கு. நம் ஊரில் இதற்குப் பழக்கமும் சொல்லும் ஏற்கெனவே இருக்கிறது, மறந்ததைத் தூசி தட்டினால் போதும்.

பொதுப் பாத்திரத்தில் தொடங்குங்கள். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் 14 வகை ஒருமுறை பயன்பாட்டுப் பிளாஸ்டிக்குக்குத் தடை. பிளாஸ்டிக் பூசிய காகிதத் தட்டும் கப்பும் அந்தப் பட்டியலில் உண்டு. ஆனால் ஆடி மாதம் அம்மன் கோயில் வாசலில் கூழ் ஊற்றி முடித்ததும் தெருவைப் பாருங்கள், காலடியெல்லாம் கப். எங்கள் தெருவில் ஒரு ஆடியில் கோயில் நிர்வாகத்தாரிடம் போய், "கூழுக்கு வர்றவங்க வீட்டுலேருந்து சொம்பு, தூக்கு கொண்டுவரட்டும், இல்லாதவங்களுக்கு எங்ககிட்ட டம்ளர் இருக்கு" என்று கேட்டோம். கோயில் பெரியவர் உடனே ஒப்புக்கொண்டார், "அப்பல்லாம் அப்படித்தானே வாங்குவோம்" என்றார்.

அந்த டம்ளர்களை வீட்டுக்கு இவ்வளவு என்று பணம் போட்டு வாங்கினோம். நூறு எவர்சில்வர் டம்ளர், நூறு தட்டு, ஐம்பது கிண்ணம். பாத்திரக் கடையில் பேர் வெட்டித் தருவார்கள் இல்லையா, எல்லாவற்றிலும் தெருவின் பெயரை வெட்டி வாங்கிக்கொண்டோம், அதனால் எந்த வீட்டுப் பாத்திரத்தோடு கலந்தாலும் திரும்பி வந்துவிடுகிறது. பிறந்தநாள், வளைகாப்பு, கொலு, திதி, எதற்கு வேண்டுமானாலும் இலவசமாக எடுக்கலாம். விதி இரண்டுதான்: எண்ணி எழுதிக் கையெழுத்து, கழுவித் துடைத்துத் திருப்பித் தருவது. கழுவ ஆள் வைத்தால் அந்தக் கூலி எடுத்த வீட்டுடையது. இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள், "யார் கழுவுறது" என்ற ஒரு கேள்வியால்தான் எல்லாரும் பேப்பர் தட்டுக்குப் போகிறார்கள்.

அடுத்து மாற்றுச் சந்தை, நமக்கு வேண்டாத நல்ல பொருளை இன்னொரு வீட்டுக்குக் கைமாற்றுவதற்கு, வருடத்துக்கு இரண்டு. ஒன்று போகிக்கு முந்தைய ஞாயிறு. பாயும் துணியும் டயரும் எரிகிற புகையில் சென்னை மூச்சுத்திணறுகிற நாள் அது, எரிப்பதற்கு முன்னாலேயே நல்லதைக் கைமாற்றிவிட வேண்டும். இன்னொன்று மே கடைசியில், பள்ளி திறப்பதற்கு முன், சீருடை, ஷூ, பை, ஜியாமெட்ரி பாக்ஸ், பயிற்சிப் புத்தகம் இவற்றுக்காக. ஒரு வீட்டுக் கார் நிறுத்தும் இடமும் நாலு மேசையும் போதும். "உங்க வீட்டுக்கு இதை எடுத்துக்குவீங்களா?" என்று ஒவ்வொரு பொருளையும் வாங்கும்போதே கேளுங்கள், கிழிந்ததும் உடைந்ததும் அப்படியே திரும்பிப் போய்விடும்.

முதல் வருடம் நாங்கள் செய்த தவறையும் சொல்கிறேன். மிச்சம் எங்கே போகும் என்று முடிவு செய்யாமலே நடத்திவிட்டோம். பதினோரு மூட்டைத் துணி ஒரு வீட்டு வராந்தாவில் தங்கி, மழையில் நனைந்து, கடைசியில் குப்பை வண்டிக்கே போனது. இப்போது முன்கூட்டியே ஒரு முதியோர் இல்லத்திலும் ஒரு பழந்துணி வியாபாரியிடமும் பேசி வைத்துவிடுகிறோம், மிச்சம் அன்று மாலையே கிளம்பிவிடும். திருநெல்வேலியில் 2017-ல் ஆட்சியராக இருந்த சந்தீப் நந்தூரி தொடங்கிய அன்புச் சுவர் பலருக்கு நினைவிருக்கும், வேண்டாததை வைத்துவிட்டு வேண்டியதை எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு. அதை உங்கள் தெருவில் வைக்க ஆசைப்பட்டால், தினமும் மாலை ஒருவர் போய் அடுக்கிவைப்பார் என்ற உறுதி இருந்தால் மட்டும் வையுங்கள். கவனிக்காத சுவர் ஒரே மாதத்தில் குப்பைமேடு ஆகிவிடும்.

மூன்றாவது, பழுது பார்ப்பவர்கள் பட்டியல். எனக்கு மிகவும் பிடித்த வேலை இது. மிக்சி ஜாருக்கு பிளேடு மாற்றுபவர், குக்கருக்கு கைப்பிடி போடுபவர், குடை தைப்பவர், செருப்பு தைப்பவர், ஃபேனுக்கு காயில் கட்டுபவர், ஜிப் மாற்றும் தையல்காரர், மெத்தைப் பஞ்சு அடித்துத் தருபவர். ஒரு கிலோமீட்டர் சுற்றளவில் நடந்து தேடுங்கள், ஒவ்வொருவரிடமும் அனுமதி கேட்டுப் பெயர், இடம், நேரம் எழுதி ஒரே தாளில் அச்சடித்து வீட்டுக்கு ஒன்று கொடுங்கள். பல பொருள்கள் குப்பைக்குப் போவது யாரிடம் கொடுப்பது என்று தெரியாததால்தான். கிழிந்த பேன்ட்டையும் பழைய புடவையையும் அதே தையல்காரரிடம் கொடுத்துப் பை தைக்கச் சொல்லலாம். 2021 டிசம்பரில் அரசு 'மீண்டும் மஞ்சப்பை' என்று துணிப்பைக்குத் திரும்பச் சொல்லும் இயக்கத்தைத் தொடங்கியது, ஆனால் புதிதாகப் பை வாங்கிக் குவிப்பது அதன் நோக்கம் இல்லை. வீட்டில் இருக்கும் துணியே போதும்.

பழைய சோபா, மெத்தை போன்ற பெரிய பொருள்களைத் தெருவில் தள்ளாமல் மாநகராட்சியின் 1913 என்ற உதவி எண்ணில் கேட்டு, அவர்களே எடுத்துப்போகும் ஏற்பாட்டுக்குப் பதிவு செய்யச் சொல்லுங்கள்.

முனையில் கொட்டும் இடம்

அங்கே "குப்பை கொட்டாதீர்" பலகை பயன்படாது, பலகைக்குக் கீழேயே கொட்டுவார்கள். முதலில் முழுக்கச் சுத்தம் செய்யுங்கள், சுண்ணாம்பு அடியுங்கள், பெரிய கோலம் போடுங்கள். இரண்டு வாரம் காலை ஆறு முதல் எட்டு, இரவு ஒன்பது முதல் பத்து ஆள் மாற்றி ஆள் நில்லுங்கள். கவரோடு வருபவரிடம், "எங்க வீட்டு வாளியில போடுங்க, நான் குடுத்துடறேன்" என்று சொல்லிப் பாருங்கள். கோபப்படுவதைவிட இது வேலை செய்கிறது.

மாநகராட்சியோடு

புகார் கொடுப்பவராக மட்டும் அவர்களுக்கு அறிமுகமாகாதீர்கள். நோட்டில் எழுதிய எண்ணிக்கையோடு போனால் உட்காரவைத்துப் பேசுவார்கள். "வண்டி வரலை" என்பதற்கும் "போன மாசம் ஏழு நாள் வரலை, இந்தத் தேதிகள்" என்பதற்கும் நிறைய வித்தியாசம். வார்டு கவுன்சிலரைப் பாருங்கள், வார்டுக்குள் அந்தந்தப் பகுதி மக்கள் கூடும் ஏரியா சபைக் கூட்டம் நடக்கும்போது எழுத்தில் மனு கொடுங்கள், அதன் நகலில் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். கேட்பவை சின்னதாக, செய்யக்கூடியதாக இருக்கட்டும்: வண்டி நேரம் மாற்றுவது, பணியாளருக்குச் சரியான கையுறை, காய்ந்த இலையைத் தனியாக எடுப்பது.

விடாமல் நடத்த

மூன்றாவது மாதம் எல்லாருக்கும் சலிக்கும், வாட்ஸ்அப் குழுவில் குட்மார்னிங் படம்தான் வரும். அப்போது பெரிய நிகழ்ச்சி எதுவும் போடாதீர்கள், மறுபடி ஒரு வாரம் எண்ணுங்கள், அவ்வளவுதான். எந்தப் பத்து வீடு சரிந்திருக்கிறது என்று நோட்டு காட்டும், அங்கே மட்டும் போனால் போதும். மழைக் காலம் தொடங்கும் முன் பானைகளைச் சன்ஷேடுக்குக் கீழே நகர்த்தச் சொல்லுங்கள், கோடையில் உதிரும் இலையை எரிக்க விடாமல் சாக்கில் கட்டி வையுங்கள், வருடம் முழுவதும் உரத்துக்குச் சருகு அதுதான்.

குடித்தனக்காரர்கள் மாறும்போது தெரு மாறும். ஒரு வீட்டு கேட்டில் தொங்கிய டு-லெட் பலகை காணவில்லை என்றால் அன்று சாயங்காலமே அந்த வீட்டின் பொறுப்பாளர் போய்ப் பாருங்கள். ஒரு வாளி, ஒரு சாக்கு, பழுது பார்ப்பவர் பட்டியல், அக்கா வரும் நேரம். புது வீட்டில் பெட்டி பிரித்த அட்டை மலைபோலக் குவிந்திருக்கும், அதை எங்கே கொடுப்பது என்று அவர்களே உங்களைக் கேட்பார்கள்.